ஹேவாஹெட்டயில் இறங்கிய கதவு

அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்காது. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, கை கிழிந்த ஸ்வெட்டர். எந்த இரும்பைத் தொடுமுன்னும், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரையிடம், கதவுகள் சிறகுபோல மேலே திறக்கும் பழைய கார் ஒன்று இருந்தது. கதவைத் தாங்கும் கேஸ் ஷொக்குகள் தளர்ந்துபோனதால், மலைக்குக் கீழே கெலிஓயாவில் என் கராஜில் புதியவற்றைப் பூட்டிக் கொடுத்தேன். கதவு அழகாக நின்றது. மறுநாள் விடியலில், தோட்டத்தில், அது துரையின் தலைமேல் இறங்கிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிட்டர் ஷொக்கில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“பகல் வெயில்லயா பூட்டுனீங்க?”

“ஆமா.”

“இங்க காலையில குளுருண்ணே. உள்ள கேஸு வலு கொறஞ்சிரும்.”

ஷொக்கின் அடிமுனையைப் பிடித்திருந்த இரும்பைக் கழற்றி, தாங்கும் வலு கூடும்படி ஓர் அங்குலம் தள்ளிப் பூட்டினார். கதவு நின்றது. அப்படியொரு காரை அவர் அதற்குமுன் தொட்டதே இல்லையாம். துரை அவர் தோளில் தட்டினார். எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

“ஒங்க வேல சுத்தம்ணே,” என்று பிட்டர் ஆறுதல் வேறு சொன்னார். அதைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் ஷொக் பூட்டுமுன் நானும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான்.