கம்பியின் உயரம்

என் வீட்டுக்காரரின் பேஸ் கிட்டாரை, அவர் கை அடிபடும் வரை நான் தொட்டதே இல்லை. தொடாதே என்று அவர் சொன்னதில்லை. எனக்குத்தான் பயம். ஜப்பானில் செய்த பழைய சாமான். பெங்களூரில் ஓட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வாங்கியது. பெட்டியோடு தூக்கினால் தோள் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

அவர் சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் மெஷின் ஓட்டினார். லீவு நாட்களில் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பார். ஓசூர்ப் பக்கம் குழு வைத்திருந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டு வேண்டும். அவருக்குப் பாட வராது. ஆனால் எந்தப் பாஷைப் பாட்டானாலும் அதற்கு அடியில் தும் தும் என்று போகிற சத்தம் அவருடையது. பேஸ் வாசிக்கிறவரை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வியர்த்துவிடும்.

பிரஸ் அவருடைய இடது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் பாதிக்கு எடுத்துக்கொண்டது. ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தும் மரத்துப்போய்விட்டது. சுண்டுவிரல் மட்டும் சொன்னதைக் கேட்டது. கம்பெனியில் அவரை வாட்ச்மேனாக கேட்டில் உட்கார வைத்தார்கள். கட்டுப் பிரித்துப் புண் ஆறியதும் ஒரு நாள் சொன்னார்.

"தளிப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு ப்ரோக்ராம் இருக்குது. பாய் இன்னும் வேற ஆள் போடல. எனக்காவ நிறுத்தி வெச்சிருக்காரு. அதுல வாசிச்சிட்டன்னா இடம் நிக்கும். இல்லன்னா போச்சு."

பாய்தான் குழுவை நடத்துகிறவர். பஜாரில் துணிக்கடை, மேடையில் கீபோர்டு.

பேஸில் வலது கை மீட்டும். இடது கை விரல்கள் கம்பியைக் கழுத்தோடு சேர்த்து அழுத்த வேண்டும். கம்பி கழுத்தை விட்டு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு பலம் கொடுக்க வேண்டும். உயரத்தைக் குறைத்துவிட்டால் செத்த விரலுக்கும் கம்பி பணியும் என்று அவர் நினைத்தார். அந்த உயரத்தை வைப்பது அடியில் இருக்கும் பிரிட்ஜ். அதன் ஸ்க்ரூக்கள் கடுகுபோல இருக்கும். ஒரு கையால் ஆகிற வேலை இல்லை. நான் ஒரு கம்பெனியில் மின்சார மீட்டர் பூட்டுகிற லைனில் வேலை செய்கிறேன். அதனால் என்னைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தரையில் கோரைப்பாய் விரித்து அதன்மேல் பேஸைப் படுக்க வைத்தோம். பிரிட்ஜை மூடியிருந்த பளபளப்பான மூடியைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்சு மாவாக உதிர்ந்தது. அதை ஊதித் தள்ளினேன். வளைத்த தகடு ஒன்று. அதில் நாலு கம்பிக்கும் நாலு சின்ன உருளைகள். உருளையை ஏற்றி இறக்க இரண்டிரண்டு ஸ்க்ரூ. முன்னே பின்னே நகர்த்தப் பின்னால் ஸ்பிரிங் போட்ட நீள ஸ்க்ரூ. எல்லாம் துரு. தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம். அவர் பல் துலக்கப் போனார்.

நாலு உருளையும் கோணல்மாணலாக, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று நின்றன. எங்கள் லைனில் அப்படி ஒரு பீஸ் வந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி எடுத்து வைத்துவிடுவோம். ஆடி ஆடி நகர்ந்துவிட்டது போல என்று நினைத்து, ஸ்கேல் வைத்து நாலையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்தேன்.

அவர் வந்து பார்த்தார். வாயில் நுரையோடு சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"ஏ புள்ள, இது என்னா மீட்டரா? இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பப் போறியா?"

"கோணலா இருந்துச்சுங்க."

"கோணலாத்தான் இருக்கணும். தடிக்கம்பிக்கு நீளம் சாஸ்தி வேணும். உங்க சூப்பர்வைசரு வந்தா இதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவான்."

மறுபடி ஒவ்வொரு உருளையாக முன்பின் நகர்த்த வேண்டியிருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவதன்மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வர வேண்டும். அழுத்தின சுருதி ஏறிப்போனால் உருளையைப் பின்னால் தள்ள வேண்டும். தொடுவதை அவர் சுண்டுவிரலால் செய்தார். அழுத்த அவரால் முடியவில்லை. நான் அழுத்தினேன், அவர் மீட்டினார்.

தடிக்கம்பியை அழுத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. விரல் நுனியில் கோடு விழுந்து எரிந்தது. நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்குகிற எனக்கே அப்படி. இத்தனை வருஷமாக இவர் இதைச் செய்துகொண்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றிருக்கிறார்.

சுருதி சரியான பிறகு உயரத்தைக் குறைக்க ஆரம்பித்தோம். அரைச் சுற்று இறக்குவேன், அவர் அழுத்திப் பார்ப்பார்.

"இன்னுங் கொஞ்சம் எறக்கு."

இறக்கினேன். விரல் கம்பியின்மேல் வழுக்கியது.

"இன்னும்."

ஒரு கட்டத்தில் கம்பி பணிந்தது. மரத்த விரல் அழுத்தியது. ஆனால் மீட்டியதும் கம்பி கோடுகளில் மோதி டர்ர் என்று அதிர்ந்தது. நான் கால் சுற்று ஏற்றினேன். அதிர்வு நின்றது, விரலுக்குக் கம்பி பணியவில்லை. மறுபடி இறக்கினேன். நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று அன்று முழுக்கத் தேடினோம். சோறு ஆறிப்போயிற்று. அப்படி ஓர் இடம் இல்லை.

"இப்பிடியே இருக்கட்டும். ஸ்பீக்கர் பாக்ஸ்ல போட்டா அந்த டர்ருலாம் தெரியாது" என்றார்.

எனக்கு அது தெரியாத விஷயம். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டேன்.

பண்டிகை அன்று தளியில் நல்ல குளிர். குளிரில் அந்த விரல் இன்னும் விறைக்கும். சால்வைக்குள் கையை வைத்து, மேடை ஏறும் வரை நான் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் டிரம்ஸுக்குப் பின்னால் போய் நின்றார். நான் பெண்கள் பக்கம் போகாமல், சவுண்டு செட் மேசைக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டேன்.

முதல் பாட்டிலேயே அந்த டர்ர் கேட்டது. பெரிய பாக்ஸில் அது மறையவில்லை. பாக்ஸ் அதைப் பிடித்துப் பெரிதாக்கியது. முன்னால் நின்ற ஒருவர் திரும்பி, "யோவ், ஸ்பீக்கர் கிழிஞ்சிபோச்சு பாரு" என்றார். பக்கத்தில் இருந்தவர், "கிழிஞ்சத வெச்சே காசு பாத்துட்றானுங்க" என்றார். சவுண்டுக்காரர் பாயைப் பார்த்தார். பாய் எங்கள் வீட்டுக்காரர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்தபடி தலையை அசைத்தார். சவுண்டுக்காரர் பேஸுக்கான குமிழைக் கீழே இழுத்தார்.

டர்ர் நின்றது. கொஞ்ச நேரத்தில் தும் தும் என்று சத்தம் மட்டும் திரும்ப வந்தது, சுத்தமாக. அது பாயின் இடது கை, கீபோர்டில். எங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் போகிற இடத்துக்கும் எனக்குக் கேட்ட சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. கூட்டத்தில் கன்னடப் பாட்டு கேட்டார்கள், தெலுங்குப் பாட்டு கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் வாசித்தார். அவர் காலடியில் அவருக்கென்று ஒரு சின்ன பாக்ஸ் இருந்தது. அதில் அவர் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

இறங்கியதும் பாய் அவர் தோளைத் தட்டி, "நல்லாருந்துச்சுண்ணா" என்றார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்க்ரூ டிரைவர் எடு. பழைய ஒசரத்துக்கே ஏத்திடு."

"இன்னொரு வாட்டி பாக்கலாமேங்க."

"நீ மேசைகிட்டத்தான நின்ன. மூணாவது பாட்டுலதான என் சத்தத்த எடுத்தாங்க?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதப் பாட்டுலயேங்க."

நான் ஒவ்வொரு உருளையாக ஏற்றினேன். கம்பிகள் மெல்ல மெல்ல எழும்பின. அவர் அழுத்திப் பார்க்கவில்லை. என்னை அழுத்தச் சொல்லி வலது கையால் மீட்டினார். சத்தம் தெளிவாக வந்து, அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். நாலு கம்பியிலும் அப்படிக் கேட்டார்.

"சரியா இருக்குது. பாய்க்குப் போனு போட்டுச் சொல்லு, புதுசா யாரு வாசிக்கிறாங்களோ அவங்க இந்த பேஸ எடுத்துக்கட்டும். நான் பேசல."

போனில் பேசுவது எனக்கு ஆகாது. கம்பெனிக்கு லீவு சொல்லக்கூட அவரைத்தான் பேசச் சொல்வேன். அன்று நானே போட்டேன். பாய் எடுத்து, "சொல்லும்மா" என்றார்.

"பேஸ் ரெடியா இருக்குதுண்ணா, புதுசா வாசிக்கிறவங்கள எடுத்துக்கச் சொல்லுங்க" என்றேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை.