பட்டி வந்திட்டுது

எங்கள் அலுவலக யன்னலைத் திறந்தால் திருகோணமலைத் துறைமுகம் அப்படியே தெரியும். கோதுமைக் கப்பல், சீமெந்துக் கப்பல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் நாங்கள் இறக்குமதி செய்யும் இயந்திரச் சாமானில் ஒன்றுகூட அந்தக் கடலால் வருவதில்லை. எல்லாம் கொழும்பில் இறங்கி, லொறியில் ஏறி, ஹபரணைக் காட்டுக்குள்ளால் எங்களிடம் வந்து சேரும். கப்பலைப் பார்த்துக்கொண்டு லொறிக்குக் காத்திருக்கிற உத்தியோகம் என்னுடையது. இதிலேயே எனக்குப் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம் துணிப் பட்டியால் வந்தது. தடித்த துணியை மடிப்பு மடிப்பாக ஒட்டிச் செய்யும் நீளமான பட்டி அது. ஆலைகளில் உருளைகளின் மேல் ஓடிச் சாமான்களைக் கொண்டுபோகும். நெல் ஆலையில் அதில் வாளிகளைப் பூட்டி நெல்லை மேலே தூக்குவார்கள். நாட்டுக்குள் அதன் வரவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து முதலாளிக்குச் சொல்ல வேண்டும்.

கொழும்புக் கணக்கு கூடுகிறது என்றது. கடைக்காரரைக் கேட்டால் இல்லை என்று கையை விரித்தார்கள். தலையைப் பிய்த்துக்கொண்டு தேடிய பிறகுதான் ஓரளவு விளங்கியது. தடித்த துணியால் செய்த எங்கள் பட்டிக்கும் துணிப் பட்டி என்றுதான் பெயர். ஆடைத் தொழிற்சாலைகளில் துணியைக் கொண்டுபோகிற மெல்லிய வெள்ளைப் பட்டிக்கும் அதே பெயர்தான். கூடுவது எது, குறைவது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ பிள்ளை. கூடுதோ, குறையுதோ?" என்றார் முதலாளி.

"கூடுது ஐயா. ஆனா எங்களுக்கு வேண்டிய பட்டி குறையுது போல கிடக்கு."

"போல கிடக்கு எண்டு சொல்ல நீங்கள் என்னத்துக்கு? அதை நானே சொல்லுவன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் பிழையில்லை.

இந்தக் குழப்பத்துக்குள் அக்காவின் கதையும் வந்து சேர்ந்தது. அக்காவும் அத்தானும் கட்டைபறிச்சானில் சின்ன நெல் ஆலை ஒன்று வைத்திருக்கிறார்கள். அக்கா ஆலையைப் பார்ப்பாள், அத்தான் வயலைப் பார்ப்பார். போன போகத்தில் பட்டி பாதியில் அறுந்து, வந்த சனம் மூட்டைகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு தோப்பூர் மில்லுக்குப் போய்விட்டது. கிழிந்த இடத்தைத் தைத்துப் பூட்டி வைத்திருந்தாள். இந்த நெல் வெட்டுக்கும் அது அறுந்தால் மில்லை மூட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாள். கொழும்பில் வரவு கூடுகிறதாம், அங்கேயும் விசாரித்துப் பார் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் லொறியில் நெல்லுக்குத் தோதான பட்டிச் சுருள் ஒன்றே ஒன்று வந்து இறங்கியது. தோப்பூர் மில்காரர் வாசலிலேயே நின்றார். "உங்கட அக்காவுக்கு வேணுமோ எண்டு கேளுங்கோ. வேண்டாமெண்டா இவரிட்டக் குடுப்பம்" என்றார் முதலாளி. அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை. மில் ஓடினால் அவளுக்கு மணிச் சத்தம் கேட்காது. அத்தானை அழைத்தேன். ஒரே காற்றும் கூச்சலுமாக இருந்தது.

"அத்தான், பட்டி..." என்று தொடங்கினேன்.

"பட்டி வந்திட்டுது பிள்ளை! முழுப் பட்டியும் வந்திட்டுது!" என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பட்டியைக் கொழும்பில் வாங்கிவிட்டார்கள் என்று எனக்குச் சரியான சந்தோசம். கொழும்புக் கணக்கையும் முதல்முறையாக நம்பினேன். முதலாளியிடம் அக்காவுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சுருள் தோப்பூருக்குப் போனது.

பின்னேரம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "எங்கட பட்டி எப்பவடி வரும்?"

"வந்திட்டுது எண்டு அத்தான் சொன்னாரே."

"அது மாட்டுப் பட்டியடி. ஆரோ ஒருத்தன்ர மாட்டுப் பட்டி வயலுக்குள்ள இறங்கிட்டுது. எங்கட வயலும் போச்சு, பக்கத்து வயலுகளும் போச்சு. அத்தான் கம்போட மாட்டைக் கலைச்சுக்கொண்டு நிண்டவர்."

மாட்டு மந்தைக்கும் எங்கள் பக்கம் பட்டி என்றுதான் சொல்லுவோம். அது எனக்குத் தெரியாத சொல்லா? எந்த நேரமும் துணிப் பட்டியையே நினைத்துக்கொண்டிருந்த மண்டைக்குள் மாடு எப்படி நுழையும்? யாரை ஏசுவது என்று தெரியாமல் மாட்டை ஏசினேன்.

வெட்டு முடிகிற நேரம் அக்காவின் மில்லுக்குப் போய்ப் பார்த்தேன். தைத்த பட்டி அறுகாமல் ஓடிக்கொண்டிருந்தது. வாளிகளில் பாதி வெறுமையாக மேலே போய் வெறுமையாகவே இறங்கின. அக்காவின் மில்லுக்கு நெல் கொண்டுவருகிறவர்களின் வயல்களைத்தான் மாடு மேய்ந்திருந்தது.

"பார், பட்டி அறுகேல்ல" என்றாள் அக்கா. பட்டி தாங்கியதற்குச் சந்தோசப்படுவதா, தாங்கிய காரணத்துக்கு அழுவதா என்று விளங்காமல் நின்றேன்.

அடுத்த கிழமை முதலாளி கேட்டார். இந்தக் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"கட்டைபறிச்சான் பக்கமிருந்து பட்டிக்கு ஒருத்தரும் கேக்கேல்லையே. தேவை குறைஞ்சிட்டுதோ?"

"ஓம் ஐயா, குறைஞ்சிட்டுது." இந்தமுறை எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஏன்?"

"பட்டி வந்திட்டுது ஐயா."

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "எங்களுக்குத் தெரியாமலோ? ஆர் இறக்கினது?"