வெறுமையாக இருக்க வேண்டிய குழாய்

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் மலத்தைச் சோதிக்கும்போது, நோயில்லாத ஒருவரின் மலத்தையும் கூடவே வைத்துச் சோதிப்போம். ‘கொன்ட்ரோல்’ என்று நாங்கள் சொல்லும் அந்தக் குழாயில் ஒன்றும் தெரியக்கூடாது. அப்போதுதான் மற்றக் குழாய்களில் தெரிவதை நம்பலாம். அந்த நோயில்லாத ஆள் எப்போதும் எங்களில் ஒருவர்தான். மற்றவர்கள் கூச்சப்பட்டு நெளிவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் நானே கொடுத்துவிடுவேன். ஒரு தடவை கொடுத்ததைப் பிரித்துக் குளிரில் வைத்து, ஒரு வருடத்துக்கு மேலாக அதையே எடுத்து எடுத்துப் பாவித்தோம்.

நாங்கள் பார்த்தது ஜியார்டியாவை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. அழுக்குத் தண்ணீராலும் கழுவாத கையாலும் தொற்றும். சிலரை வயிற்றோட்டத்தில் வாட்டும், சிலருக்கு இருப்பதே தெரியாது. அதற்கு மேற்பூச்சுப் புரதங்கள் பல. நான் அவற்றைச் சட்டைகள் என்றுதான் சொல்லுவேன். பல சட்டைகளின் மரபணுக்களிலிருந்து ஒரே நேரத்தில் ஆர்.என்.ஏ. பிரதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் தானே நறுக்கிப் போட்டுவிடும். ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். மிஞ்சிய ஒரு சட்டையோடு வெளியில் நிற்கும். உடம்பு அதை இனங்கண்டு அடிக்க வரும்போது வேறொன்றுக்கு மாறிவிடும். எந்த மலத்தில் எந்தச் சட்டை, நறுக்கிய துண்டுகள் எவை என்று எழுத்தெழுத்தாக வாசிப்பதுதான் எங்கள் வேலை. இதைச் சாப்பாட்டு மேசையிலும் விளக்குகிறவள் நான். என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறார்.

அப்படிப்பட்டவளின் மகளுக்கே ஜியார்டியா வந்தது. நான்கு வயது. சாப்பிட்டதெல்லாம் தண்ணீராகப் போனது, நிறை ஏறவே இல்லை, போன வருடத்துச் சட்டை இன்னும் அளவாக இருந்தது. மருந்து கொடுத்தோம், சுகமானது. ஆறு கிழமையில் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி வந்தது. மூன்றாம் முறை எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டில் யாரோ பிள்ளைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம். வீட்டுக்காரரைச் சோதித்தேன், இல்லை. மிச்சம் இருந்தது சம்பளத்துக்குப் பிள்ளையைப் பார்க்கிற அக்கா.

அவர் கொச்சிக்கடையிலிருந்து காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார். சமைப்பார், என் மகளை மடியில் வைத்துக் கையால் ஊட்டுவார். மகள் என் கையால் சாப்பிட்டதை விட அவர் கையால் சாப்பிட்டதுதான் அதிகம். அவரிடம் மலம் கேட்டேன். முகம் சிவந்து போனது, ஆனாலும் கொண்டுவந்தார். இது எல்லா நாளும் வெளியில் தெரியாது, மூன்று நாள் தரவேண்டும் என்றேன். கடதாசியில் சுற்றி, கைப்பைக்குள் வைத்து, நெரிசல் பஸ்ஸில் மூன்று நாளும் கொண்டுவந்தார். சோதனைகள் முடிந்த அன்று வாசலில் வைத்துச் சொன்னேன்.

“அக்கா, நீங்க இனி வரவேண்டாம். பிள்ளைக்கு இது உங்கட கையாலதான் வருது எண்டு நினைக்கிறன்.”

அவர் வாதாடவில்லை. “பிள்ளை சுகமாகிடும்தானே மிஸ்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் போன பிறகும் மகளுக்கு அது திரும்ப வந்தது. பழையது மிச்சம் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளும் எட்டிப்பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, குளிரில் வைத்திருந்த என் பழைய மாதிரி முடிந்துபோனது. புதிதாகக் கொடுத்தேன். அடுத்த நாள் எங்கள் தொழில்நுட்ப உதவியாளர், தெமட்டகொடைக்காரர், சத்தம் போடாமல் பேசுகிற மனிதர், என் மேசைக்கு வந்தார்.

“டொக்டர், கொன்ட்ரோல்ல வருது.”

“உமக்குக் கை தவறியிருக்கும். ஒரு குழாயில இருந்து மற்றதுக்கு விட்டிருப்பீர்,” என்று எரிந்து விழுந்தேன். திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பச் செய்தார். திரும்பவும் வந்தது. இந்த முறை கணினியைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“கலந்திருந்தா இந்தத் தொகுதியில இருக்கிற ஆரோ ஒருத்தரிட சட்டைதானே இதிலயும் இருக்கவேணும். பாருங்கோ, ஒருத்தரோடயும் பொருந்தேல்ல. நறுக்குப்பட்ட துண்டுகள் கூட வேற.” திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “போன மாதம் நீங்க தந்த ஒண்டோட மட்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துது.”

போன மாதம் நான் கொடுத்தது என் மகளுடையது.

திரையில் வரிசை வரிசையாக இருந்தது என் குடலுக்குள் இருந்த உயிர். அது எந்தச் சட்டைகளை வெட்டிப் போட்டது, எதைப் போட்டுக்கொண்டு நின்றது, எல்லாம் என் முன்னால் கிடந்தது. வருடக்கணக்காக அதன் தந்திரத்தைப் படித்தவளுக்குள்ளேயே ஒரு வயிற்றுவலி கூட வராமல் அது குடியிருந்திருக்கிறது. யார் யாருக்கு முதலில் கொடுத்தது என்று அந்தத் திரை சொல்லாது. ஆனால் மருந்தால் சுகமான பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் திரும்பக் கொடுத்தது நான்தான். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நானும் மகளும் ஒன்றாக மருந்து குடிக்கத் தொடங்கினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கலையும் நேரத்தில், கொச்சிக்கடைக்குப் போனேன். அக்கா தன் தம்பி குடும்பத்தோடு இருக்கிற வீடு. முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “பிள்ளை எப்பிடி மிஸ்?” என்றார்.

“அக்கா, அது உங்களால வந்ததில்லை. என்னட்டத்தான் இருந்தது.”

அவர் என்னையே பார்த்தார். “அப்ப என்ட வயித்துல?”

“ஒண்டும் இல்லை. மூண்டு நாளும் இல்லை.”

“அத நீங்க எனக்குச் சொல்லல்ல மிஸ்.”

உண்மை. சொல்லவே இல்லை. மூன்று முடிவையும் கையில் வைத்துக்கொண்டுதான் வாசலில் நின்று அவரை அனுப்பினேன். சொன்னால் அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

“நான் குசினிக்குள்ள போறதும் இல்ல, சமைக்கிறதும் இல்ல மிஸ்,” என்றார். “தம்பிட புள்ளைங்க சின்னதுங்க. ஒண்டையும் தூக்குறதும் இல்ல.” ஜன்னல் திண்டில் ஒரு தட்டும் ஒரு கப்பும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு மாதம், இந்த அறையில், இந்தத் தட்டோடு.

தம்பியின் மனைவி ஒரு கேத்தலில் தேத்தண்ணியும் வீட்டுக் கப் ஒன்றும் கொண்டுவந்து வைத்தாள். அக்கா ஊற்றப் போனவர் நிறுத்தி, என்னிடம் கேட்டார்.

“உங்களுக்கு மருந்து முடிஞ்சிச்சா மிஸ்?”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

அவர் எழும்பி, ஜன்னல் திண்டில் இருந்த அந்தக் கப்பை எடுத்து, அதில் ஊற்றி என் கையில் தந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு, அவர் செய்தது சரி. பிறகு கேத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.