விமான நிலையத்தில் நின்ற கப்பல்

என் தம்பி சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன். அவனுடைய கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று செல்போன் வரைபடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி காட்டும். என் பழைய போனை அம்மாவிடம் கொடுத்து, அதில் அந்தச் செயலியைப் போட்டுக் காட்டினேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

காலையில் பல் துலக்குவதற்கு முன்னாலேயே அம்மா அம்புக்குறியைப் பார்த்தாக வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வரவே நாள் பார்ப்பவள், "செங்கடலு தாண்டிட்டான்டி. இன்னும் கொஞ்சம் ஜல்தியா போகக் கூடாதா?" என்பாள். அது என்ன டவுன் பஸ்ஸா என்று எரிந்து விழுவேன். அவள் காதில் வாங்க மாட்டாள். அவளுக்கு அது கப்பல் இல்லை, தம்பி. அம்புக்குறி துறைமுகத்தில் நின்றால் அவன் ஓய்வாக இருக்கிறான், நகர்ந்தால் வேலையில் இருக்கிறான்.

தம்பியின் கப்பல் வளைகுடாவில் இருந்தபோது அங்கே சண்டை மூண்ட வாரம் அது. நான் விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள். குரலில் அத்தனை குஷி.

"தம்பி வந்துக்கினு இருக்கான்டி! ஏர்போர்ட்டுல இருக்கான், பாரு."

பார்த்தேன். கப்பலின் அம்புக்குறி கரையைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதை மேல் நின்றுகொண்டிருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவுக்குப் போனவர்கள். அங்கே ஒருவன் ஏர்போர்ட்டில் இருக்கிறான் என்றால் அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வஞ்சிரம் வாங்கிச் சுத்தம் செய்து மசாலா தடவி வைத்துவிட்டாள்.

கப்பல் எப்படித் தரையில் ஏறும்? தம்பிக்குப் போன் போகவில்லை. மும்பையில் இருக்கும் கப்பல் கம்பெனியைக் கூப்பிட்டேன். அவர்களுடைய கம்ப்யூட்டர்களை யாரோ வெளியிலிருந்து முடக்கிவிட்டார்களாம், எந்தக் கப்பலோடும் தொடர்பு இல்லையாம், பொறுமையாக இருக்க வேண்டுமாம். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் கோட்டக்குப்பம் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கணவர் வளைகுடாவில் டாக்சி ஓட்டுகிறார்.

"பயப்படாதீங்க டீச்சர். எங்க வூட்டுக்காரரு ரோட்டுல வண்டி ஓட்டிக்கினு போறாரு, மேப்புல பாத்தா நடுக்கடல்ல போறாராம். சண்டை போடுறவனுங்க சாட்டிலைட் சிக்னலு மாதிரியே பொய் சிக்னலு வுடுறானுங்களாம். எல்லாருக்கும் பேஜாருதான்." சிரித்தபடிதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா டாக்சின்னா ரோட்டப் பாத்து ஓட்டிடலாம். கப்பலுக்கு..." என் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிக்கொண்டார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்போது தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கப்பல் எரிகிற வீடியோ வந்தது. தம்பியின் கப்பல் நிறம்தானா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். புகையில் ஒன்றும் தெரியவில்லை. அது இந்தச் சண்டைக் காட்சியே இல்லை, யாரோ கம்ப்யூட்டரில் செய்து பரப்பியது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அது நிஜம். சண்டை என்றால் குண்டு விழுகிற இடத்தில்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். முகம் தெரியாத எவனோ ஒரு அறையில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறான். அவனுக்கு எங்களோடு எந்தப் பகையும் இல்லை. திண்டிவனம் என்று ஓர் ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதை அவன் அழித்துவிட்டான். பஸ் ஜன்னலோரம் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் அம்மா தம்பியின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அவன் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏர்போர்ட்டுலயாடா இருக்க? எப்படா வர்ற?" என்றாள் அம்மா.

"ஏர்போர்ட்டா? இல்லம்மா, கடல்லதான் இருக்கேன். நெட்டு எப்ப வேணா புட்டுக்கும், அக்காவ பேசச் சொல்லு." குரல் வேகமாக வந்தது. "அக்கா, இங்க ஸ்க்ரீன்ல எங்கள தரைமேல காட்டுது. சுத்தியும் கப்பலுங்க, எல்லாத்துக்கும் இதே கதிதான். ராடாரையும் கரையையும் பாத்து ஓட்டுன்னு கேப்டன் சொல்றாரு. இப்ப திரும்பவும் நான்தான் சுக்கான் புடிக்கப் போறேன். உன் போன்லயாவது நாங்க எங்க இருக்கோம்னு சரியா காட்டுதா, பாரேன்."

பார்த்தேன். ஓடுபாதை மேல்தான் நின்றது.

"ஏர்போர்ட்டுலதாண்டா காட்டுது."

"அங்கயும் அப்படித்தானா," என்றான். இணைப்பு அறுந்தது.

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அவன் எங்க இருக்கான்னு அவனுக்கே தெரியலயா?" என்று கேட்டாள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மீனை அன்று யாரும் பொரிக்கவில்லை.

கப்பல் எதன் மேலும் மோதாமல் வெளியே வந்தது. ஒப்பந்தம் முடிந்து தம்பி ஊருக்கு வந்தான், இளைத்துப் போயிருந்தான், இரண்டு மாதம் இருந்துவிட்டு வேறொரு கப்பலுக்குப் போய்விட்டான். அம்மா அந்தச் செயலியைத் திறப்பதே இல்லை. அவன் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறாள்.

"கரை கண்ணுக்குத் தெரியுதாடா?"

எந்தக் கரைக்கும் பல நாள் தூரத்தில், நடுக்கடலில் இருந்துகொண்டு, "நல்லாத் தெரியுதும்மா" என்கிறான் தம்பி.