இருமல் இல்லை என்று சொன்ன மாதம்

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அரைமணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுவேன். அசையாமல் இருந்தால் மூச்சு அடங்கும். விரலில் கிளிப் மாட்டும்போது ஆக்சிஜன் நல்லபடியாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க என் ஏழாம் வகுப்புப் படிப்பு போதுமானதாக இருந்தது.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி என்று சொன்னபோது தி.நகர் ஜவுளிக்கடைகளுக்கு பார்சல் இறக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், மெஸ்ஸில் சப்ளையர், பெயிண்டர். எதிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. மூன்று மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது. என் வாழ்க்கையில் சொன்னபடி வேலை செய்தது அந்த மாத்திரை ஒன்றுதான்.

ஐந்தாம் மாதம் வறட்டு இருமல் வந்தது. பிறகு நடந்தாலே இளைப்பு. இந்த மாத்திரை சிலருக்கு நுரையீரலையே புண்ணாக்கிவிடும், இருமல் வந்தால் உடனே வரவேண்டும் என்று டாக்டரம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை.

அந்த மாதம் அக்காவும் கூட வந்தாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். நான் படுப்பது அவள் வீட்டில்தான்.

"இருமல் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க."

"புளுவுறாம்மா," என்றாள் அக்கா. "படியேறச் சொல்லிப் பாரு. நாலு படிக்கு ஒரு தபா நின்னு போனைப் பாத்துக்கினு கீறான். இவனுக்கு எவன் மெசேஜ் அனுப்பப் போறான்?"

கிளிப்பைக் கழற்றாமலேயே என்னை வராந்தாவில் நடக்கவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் நர்ஸ் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அன்றைக்கே ஸ்கேன். இரண்டு பக்கமும் நுரையீரல் வீங்கியிருந்தது. மாத்திரை நிறுத்தம், ஸ்டீராய்டு, வார்டில் படுக்கை.

"பாதி மாத்திரையாவது போட்டுக்கவா?" என்றேன்.

"இந்த மாத்திரையே இனிமே கூடாது. முதல்ல மூச்சைக் காப்பாத்தணும்."

"கட்டி மறுபடி வளந்தா?"

"வளரலாம். வேற மருந்து பார்ப்போம். அது கேக்கும்னு இப்பவே சொல்ல முடியாது."

பொய் சொல்லாத டாக்டர். வார்டில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியதும் அக்கா கையை நீட்டினாள்.

"இன்னா பாக்குற? பாக்கெட்ல கீற மாத்திரை அட்டையக் குடு. வுட்டா முழுங்கிடுவ."

முழுங்கியிருப்பேன்தான். கொடுத்துவிட்டேன்.