அரத்தால் அழித்த முத்திரை

பேட்டையில் ஓலைக் கொட்டகை போட்டு ஆணி விற்கத் தொடங்கியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூட உறவு அற்றுப்போயிற்று. இந்தக் கையால்தான் நாலு இரும்புக்கடை உண்டாக்கினேன். தாமிரபரணி வெள்ளம் சரக்குக் கிட்டங்கியை இரண்டு தடவை வாரிக்கொண்டு போயும், அதே இடத்தில் கல்லுக்கட்டிடம் எழுப்பினேன். எவனும் கை கொடுக்கவில்லை. இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாதது ஒன்று உண்டு. அதற்கு இருக்கிற ஒரே சாட்சி என் பெட்டியில் கிடக்கும் ஒரு சாண் அரம்.

அதைத் தொட்டால் ஜமீன் பெரியவர் முகம்தான் முன்னே வந்து நிற்கும். மேற்கே மலையடிவாரத்தில் சின்ன ஜமீன். விஜயதசமியன்று சாமி வேட்டைக்குப் புறப்படும்போது ஜமீன்தார் முன்னே நடந்து, முப்பாட்டனின் குறுவாளால் வாழையை ஒரே வெட்டில் சாய்க்க வேண்டும். அந்த வாளைக் கும்பெனிக்காரன் பறித்துக்கொண்டு போய் நூறு வருசம் ஆகியிருந்தது. அதன் பிறகு வெள்ளிப்பூச்சு அடித்த மரவாள்தான். பெரியவர் அதை வாழையில் தொட்டு எடுப்பார். பின்னால் நிற்கும் ஆள் அரிவாளால் வெட்டுவான். கூட்டத்தில் எவனாவது சிரிப்பான். ஒரு நாள் என்னை அழைத்தார். “ஏலே இரும்புக்கடை, சாகுறதுக்குள்ள ஒரு தடவை என் கையால வெட்டிப்புடணும். பொம்மை வேண்டாம். முப்பாட்டன் இடுப்பில இருந்த மாதிரியே வேணும்” என்றார். மாதிரி என்று இருந்தது கோவில் தூணில் முப்பாட்டன் சிலையின் இடுப்பு வாள் மட்டும்தான். அதன்மேல் தாளை வைத்துக் கரி தேய்த்து அளவெடுத்தேன்.

ஒரு வருசம் அலைந்தேன். பட்டணத்திலிருந்து வந்தது பித்தளைப் பிடியோடு பளபளவென்று இருந்தது. வாழையில் பட்டதும் அலகு வளைந்தது. மதுரை நாடகக்காரனிடம் வாங்கியது வெறும் தகரம். கடைசியில் கருப்பட்டி ஏற்றப் போன இடத்தில், திசையன்விளைப் பக்கம், பனையேறிகளுக்குப் பாளை அரிவாள் அடிக்கிற ஆசாரி ஒருவரைக் கண்டேன். தாளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “ராசாவுக்கு அடிக்கச் சொல்லுதீரு அண்ணாச்சி. வெட்டு தப்புனா ராசாவைப் பார்த்துச் சிரிப்பானுவ. பனையேறிக்குத் தப்புனா மேலேருந்து விழுவான். யாருக்கு நல்லா அடிக்கணும், நீரே சொல்லும்” என்றார். ஆனாலும் அடித்தார். இரண்டு மாதம். பட்டறை ஓரத்து வாழையில் நானே வெட்டிப் பார்த்தேன். நார்கூடப் பிசிறாமல் மரம் சாய்ந்தது. அலகின் அடியில் அவருடைய முத்திரை, ஒரு பிறையும் மூன்று புள்ளியும். முப்பாட்டன் வாளில் திசையன்விளை முத்திரை எப்படி இருக்கும்? நானே அரம் எடுத்து அதை ராவினேன். “பேரில்லாத பிள்ளையாப் போகுது” என்று ஆசாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். புளியும் உப்பும் தேய்த்துப் பழசாக்கினேன். கும்பெனிக்காரனே எழுந்து வந்து பார்த்தாலும் தன் கொள்ளை என்றுதான் சொல்லியிருப்பான். அவ்வளவு சுத்தமான வேலை.

மணியாச்சியில் வெள்ளைக்காரக் கலெக்டர்மேல் துப்பாக்கி வெடித்த பிறகு நம் ஜில்லாவில் அரிவாளுக்குக்கூடப் போலீஸ் கண் வைத்திருந்த காலம் அது. அரண்மனைக்கு வாள் வந்த சேதி கேட்டு, விஜயதசமிக்கு நாலு நாள் முன்னால் இன்ஸ்பெக்டர் அங்கே வந்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் புதிதாக வாள் அடித்தவனுக்கு ஜெயில். பரம்பரைச் சொத்து என்றால் வீட்டில் இருக்கலாம். ஆசாரி வீட்டில் ஆறு பிள்ளைகள். “பழசு ஐயா, முப்பாட்டன் வாள். பழைய இரும்பு எடுக்கப் போன இடத்தில் எங்கேயோ பரணில் கிடந்தது” என்றேன். எழுதி நீட்டினார்கள், எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் வாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லி அரக்கு முத்திரை இட்டார். “இவ்வளவு பழசுன்னா பத்திரமா இருக்கட்டும். வெளியே எடுக்கப்படாது.” பெரியவர் என்னைப் பார்த்தார்.

அந்த வருசமும் மரவாள்தான். அவர் தொட்டு எடுத்தபோது எவனோ சிரித்தான். மூன்றாம் வருசம் அவரால் நடக்கவே முடியவில்லை. அடுத்த விஜயதசமிக்கு அவர் இல்லை. ஆசாரி கொழும்புக்குப் போனார்; அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. இனி அவரை யாரும் ஜெயிலில் போட முடியாது என்று ஆனபிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

இன்றைக்கும் பெட்டி அரண்மனைக் கூடத்தில் இருக்கிறது. மேலே பலகை: ‘முப்பாட்டனார் போரில் ஏந்திய வாள்.’ பெரியவரின் பேரனிடம் எல்லாம் சொன்னேன். “பழசுன்னு நீர்தானே வே எழுதிக் கொடுத்தீரு? அன்னைக்குப் பொய் சொன்னீரா, இல்ல பேருக்காக இப்பம் பொய் சொல்லுதீரா?” என்று கேட்டான். அரத்தைக் காட்டினேன். “அரம் எந்த வீட்டுலதான் இல்ல?” என்றான். முத்திரை இருந்திருந்தால் அதுவே பேசியிருக்கும்.

மறுபடி அரத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். அந்தப் பலகையை மாற்றுங்கள். அடித்தவர் திசையன்விளை ஆசாரி. தேடிப் பிடித்தவன் நான். தேடினதை நம்ப முடியாவிட்டால், முத்திரையை அழித்தவன் என்றாவது என் பேரை எழுதுங்கள்.