வள்ளிமயிலின் வானத்துக் கல்

புதூர்ப் பக்கத்துக் கரிசலில் கல் கிடைப்பது அபூர்வம். உழும்போது கனமான கருங்கல் ஒன்று தட்டுப்பட்டால் வரப்பில் தூக்கி எறிய மாட்டார்கள். வேப்பமரத்தடியில் நட்டு, எண்ணெய் தேய்த்து, குங்குமம் அப்பிவிடுவார்கள். அப்புறம் அது சாமிதான். இல்லையென்று யார் வாய் திறப்பது?

அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவள் வள்ளிமயில். அவள் புருஷன் இசக்கிபாண்டி நாலு வருஷமாகச் சவூதிப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறான். இங்கே மேய்த்தவன் அங்கே போயும் மேய்க்கத்தான் செய்தான். அதற்கு ஒரு விமானம் வேறு!

அவனுக்கு மணலில் ஒரு கருங்கல் கிடைத்தது. கைக்குள் அடங்குகிற அளவுதான், ஆனால் தூக்கினால் கை தொங்குகிற கனம். அங்கே கூட வேலைபார்த்து, லீவில் ஊருக்கு வந்த சாமித்துரையிடம் கொடுத்துவிட்டு, போனில் சொன்னான்.

"வள்ளி, அது வானத்துல இருந்து விழுந்த கல்லுன்னா நல்ல வெலைக்குப் போவுமாம். கல்லப் பத்தித் தெரிஞ்சவியட்ட காட்டு. அதுதான்னா இந்த மாசமே வந்துருவேன். இல்லன்னா வெள்ளிக்கெழம இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடணும்."

இன்னும் ரெண்டு வருஷமா! அவன் குரல்தான் தினமும் கேட்கிறதே தவிர, அவன் வியர்வை வாசம் மறந்துபோய்விட்டது. அதை நினைத்து ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். கல் கையில் வந்ததும் சும்மா விடுவாளா? மூன்று நாள் எண்ணெயும் குங்குமமுமாக அப்பி, "எங்க ஆளக் கொண்டாந்து விட்டுரு தாயே" என்று விழுந்து கும்பிட்டாள்.

வியாழக்கிழமை பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். கல்லூரியில் கல், மண் பற்றிப் பாடம் நடத்துகிற பூவனநாதன் சார் தரையில் பதிக்கிற ஓடு ஒன்றைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான பக்கத்தில் கல்லை உரசினார். சிவப்பாகக் கோடு விழுந்தது.

"வானத்துக் கல்லு இப்பிடிச் செவப்பா கோடு போடாதும்மா. இது இரும்புக்கல்லு."

"ஐயையோ சார், அது என் குங்குமம்! நாந்தான் அப்பிவச்சேன்!"

அவர் சிரித்துவிட்டு சோப்பும் பிரஷும் கொடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து, கரிப்பானையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை விடவில்லை. முந்தானையால் துடைத்து அவளே உரசினாள். சிவப்பு. திருப்பிப் போட்டு உரசினாள். அதுவும் சிவப்பு.

"அந்தப் பாலைவனத்துல இது நெறையக் கெடக்கும்மா. வெலைக்கெல்லாம் போகாது" என்றார் சார், மெதுவாக.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் போன் அடித்தது.

"என்னட்டி சொன்னாவ? அதுதானா?"

அவன் மூச்சுவிடாமல் காத்திருப்பது அவளுக்குக் கேட்டது. ஆட்டு வியாபாரியிடம்கூடப் பொய் சொல்லி அறியாதவள் அவள்.

"ஆமாங்க. வானத்துக் கல்லேதான். சாரே சொல்லிட்டாவ. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுராதீங்க. பொறப்பட்டு வாங்க."

அந்தப் பக்கம் அவன் ஓவென்று கத்திச் சிரித்தான். நாலு வருஷத்தில் அவள் கேட்காத சிரிப்பு. போனை வைத்ததும் அவள் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

'தெரிஞ்சா வையத்தான் செய்வாவ' என்று நினைத்துக்கொண்டாள். 'வையட்டும். இங்கன, பக்கத்துல நின்னு வையட்டும்.'